சிப்பாயின் மனவலி

1942-ஆம் ஆண்டில் ஜப்பானியர் பர்மாவிற் புகுந்தபோது, பிரிட்டிஷ் இந்தியப் படை ஏறத்தாழ 900 மைல் பின்வாங்கி இந்திய எல்லையை அடைந்தது. காட்டுப் போரில் ஜப்பானியரை வெல்ல இயலாது என்னும் எண்ணம் சிப்பாய்களின் நெஞ்சில் வேரூன்றிவிட்டது. மறு ஆண்டின் பிற்பகுதியில் வில்லியம் ஸ்லிம் என்பார் பதினான்காவது படைக்குத் தலைவரானார். அப்படையிற் பெரும்பாலோர் இந்தியர்.

ஜப்பானியரினும் கொடிய பகை ஒன்று அங்கு இருந்தது, அது நோய். 1943-இல் புண்பட்டுக் களம் நீங்கியவர் ஒருவர் எனின், பிணியுற்று நீங்கியவர் 120 பேர்! மலேரியாக் காய்ச்சல் கண்டவரை நெடுந்தொலைவிலுள்ள இந்திய மருத்துவமனைகளுக்கு அனுப்புதல் வழக்கம். அவர் தம் அணிக்கு மீள ஐந்து மாதங்கள் ஆயின. ஸ்லிம், போர்முனைக்குச் சில மைல் பின்னே கூடார மருத்துவமனைகளை அமைப்பித்தார். நோயுற்றவர் சில வாரங்களிலேயே தம் தோழரிடம் திரும்பினர்.

காய்ச்சல் வாராமற் காக்க மெப்பாக்கிரின் என்னும் மாத்திரை நாள்தோறும் வழங்கப்பட்டது. ஆயினும் சிப்பாய் பலர் அதனை உண்ணாது விடுத்தனர். இவ்விடத்தே ஸ்லிம் செய்தது கருதத்தக்கது. முன்னறிவிப்பின்றி அணி முழுவதையும் சோதிக்கச் செய்தார். நூற்றுக்கு 95 பேரேனும் மாத்திரை உண்டமை புலப்படாவிடின், சிப்பாயை ஒறுத்தாரல்லர்; அவ்வணியின் தலைவரையே பதவியினின்று நீக்கினார். மூவரை நீக்கியதோடு அத்தேவை ஒழிந்தது. 1945-இல் நோயுறுவோர் தொகை நாளொன்றுக்கு ஆயிரவருள் ஒருவர் என்னும் அளவிற்குக் குறைந்தது.

உணவிலும் அவர் ஒரு முறை வகுத்தார். முன்னணிப் படைப்பிரிவு ஒன்று அரை உணவு கொள்ள நேர்ந்தால், தலைமை நிலையத்தார் அனைவரும் அரை உணவே கொள்ளல் வேண்டும். இதனாற் களத்திற்கு உணவு மிகுந்துவிடாது என்பது உண்மையே. ஆனால், பசித்த வயிற்றோடு இருக்கும் அலுவலர், உணவு மூட்டைகளை அனுப்புவதில் எத்துணை விரைவு காட்டியிருப்பர்!

அச்சத்தையும் அவர் படிப்படியாகவே போக்கினார். முதலில் சிறு குழுவினரைக் காட்டினுள் வேவு பார்க்க விடுத்தார். வென்று மீண்டோர் தம் தோழரிடம் அவ்வெற்றியைக் கூறினர். பின்னர்ச் சிறிய பகையணியைப் பன்மடங்கு பெரிய அணியால் தாக்குவித்தார். வலிமையை இங்ஙனம் மிகையாகச் செலவிடலாமோ எனின், தோல்வியை மீண்டும் பொறுக்கும் நிலையில் அச்சிப்பாய்கள் அன்று இல்லை. ஸ்லிம் அணிதோறும் நேரிற் சென்று, இந்தியரிடம் உருதுவிலும் கூர்க்கரிடம் அவர்தம் மொழியிலும் பேசினார். சாலை செப்பனிடுவோனுக்கும் அவன் தொழில் போருக்கு எவ்வாறு உதவுகின்றது என்பது விளக்கப்பட்டது.

1944-இல் இம்பாலிலும் கோகிமாவிலும் ஜப்பானியரின் பெருந்தாக்குதலை இப்படை தடுத்து நிறுத்தியது. 1945 மார்ச்சில் மாந்தளை அதன் வசமாயிற்று; மே மாதத்தில் இரங்கூனும் ஜப்பானியரிடமிருந்து மீட்கப்பட்டது.