நாற்று வாடியது ஏன்?

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பதைப் பழமொழியாக மட்டுமே சொல்லிக்கொடுத்து வந்த நான், சென்ற ஆண்டு மாணவர்களோடு பள்ளித் தோட்டத்தில் விதைத்தும் பார்த்தேன். வெண்டை, கொத்தவரை, அவரை விதைகளை நேரடியாகப் பாத்தியில் ஊன்றினோம். கத்தரி, தக்காளி, மிளகாய் விதைகள் சிறியவை. முளைத்ததும் தனிக் கவனிப்பு வேண்டும். அவற்றை நாற்றங்காலில் தூவி, மெல்லிய மண்ணால் மூடி, பூவாளியால் நீர் தெளித்தோம்.

சுமார் ஒரு மாதத்தில் கத்தரி நாற்று தயாரானது. பாடவேளை முற்பகல் 11 மணிக்கு இருந்ததால், அந்த வெயிலிலேயே பிடுங்கி நடச் செய்தேன். மறுநாள் பாதிக்கு மேல் வாடிக் கிடந்தன. தவறு என்னுடையது. "தண்ணி ஊத்தினோமே, அப்புறம் ஏன் டீச்சர் வாடிச்சு?" என்று ஒரு மாணவி கேட்டாள். அதுவே அன்றைய பாடமாயிற்று.

பிடுங்கிய நாற்று ஒன்றையும், மண்ணோடு தோண்டி எடுத்த நாற்று ஒன்றையும் நீரில் அலசி ஒப்பிட்டோம். பிடுங்கியதில் நுண்வேர்கள் பல அறுந்திருந்தன. நீரை உறிஞ்சும் வேர்த்தூவிகள் அவற்றில்தான் உள்ளன. வேர் வழி வரவு குறைந்தும், வெயிலில் இலை வழி நீராவிப்போக்கு தொடர்ந்ததால் செடி வாடியது.

மீதி நாற்றுகளை, நாற்றங்காலை நனைத்து, வேர்மண்ணோடு எடுத்து, மாலை 4 மணிக்கு நட்டோம். மூன்று நாள் தென்னங்கீற்று நிழல் கொடுத்தோம். ஒன்றிரண்டு தவிர எல்லாம் பிழைத்தன.

உங்கள் வகுப்பிலும் ஐந்து நாற்றுகளை நண்பகலிலும் ஐந்தை மாலையிலும் நடச் செய்யுங்கள். மண், நீர், எடுக்கும் முறை ஒன்றாக இருக்கட்டும். ஒரு வாரம் நாள்தோறும் குறிப்பெழுதச் சொல்லுங்கள். வாடியவற்றையும் விடாமல் எழுதட்டும். கேள்விகள் அங்கிருந்துதான் வரும்.