செம்மரமும் வேங்கையும்

ஊரிகத்தின் தங்கச் சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டில் மூடப்பட்டன. தோண்டியெடுத்த பொன் மண்ணில் மீண்டும் விளைவதில்லை. மரம் மீண்டும் தழைக்கும். ஆனால், அதற்குரிய காலத்தைக் கொடாமல் வெட்டினால் அதுவும் பொன்னைப் போலவே தீர்ந்துபோகும். ஊரிகத்துக்கு வடகிழக்கே, ஆந்திரத்தின் சேசாசல மலைகளில் வளரும் செம்மரம் இதற்குச் சான்றாகும்.

செஞ்சந்தனம் என்னும் பெயரால் இதனைச் சந்தனத்தின் இனமெனக் கருதுவோர் உளர். சந்தனம் வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. செம்மரத்தின் உண்மையான உறவு, நாம் நன்கறிந்த வேங்கையே. இரண்டும் அவரைக் குடும்பத்தில் டெரோகார்பஸ் என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. இரண்டும் மஞ்சள் நிறத்தில் பூக்கும். இரண்டின் காய்களும் தட்டையாக, சிறகு சூழ்ந்து இருக்கும்.

வேறுபாட்டை இலையிலேயே காணலாம். செம்மரத்தின் கூட்டிலையில் பெரும்பாலும் மூன்று சிற்றிலைகள் உண்டு. வேங்கையில் ஐந்து முதல் ஏழு வரை இருக்கும். செம்மரத்தின் வைரம் கருஞ்சிவப்பானது. நீரில் அமிழுமளவு கனமுடையது. வேங்கையின் வைரம் பொன்னிறம் கலந்த பழுப்பு; அதன் பட்டையைக் கீறினால் சிவந்த பிசின் வடியும்.

இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் செம்மரத்தை அழியும் ஆபத்திலுள்ள இனமாகவும், வேங்கையை ஆபத்து நிலையை நெருங்கும் இனமாகவும் வகைப்படுத்தியுள்ளது. வேங்கையும் மரத்துக்காகவும் மருந்துக்காகவும் வெட்டப்படுகிறது. எனினும் அது இந்தியாவின் பல மாநிலங்களிலும் இலங்கையிலும் நேபாளத்திலும் பரவியுள்ளது. ஓரிடத்தில் குறைந்தாலும் வேறிடத்தில் எஞ்சும். செம்மரமோ கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டுமே இயற்கையாக வளர்கிறது. வாழிடம் குறுகியது, வெளிநாட்டுச் சந்தையில் விலையோ மிகுதி. இவ்விரண்டும் சேர்ந்ததே அதன் ஆபத்து. 1995 முதல் அதன் பன்னாட்டு வணிகம் சைட்டிஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் உள்ளது. காட்டில் வெட்டிய செம்மரத்தை ஏற்றுமதி செய்ய இந்தியாவில் தடை உண்டு.

இம்மரத்தை நிலத்தில் வளர்க்க விரும்பும் வாடிக்கையாளர்கள் சிலவற்றை மனத்திற் கொள்ளுதல் நலம். செம்மரத்தில் வைரம் முதிரப் பல பத்தாண்டுகள் ஆகும். ஆகவே விரைவில் பெருவருவாய் என்னும் விளம்பரங்களை நம்பி முதலீடு செய்தல் கூடாது. நட்ட மரங்களை நில ஆவணங்களில் பதிவு செய்துகொள்ளுங்கள். வெட்டுவதற்கும் எடுத்துச் செல்வதற்கும் உரிய விதிகளை, நடுவதற்கு முன்னரே வனத்துறையிடம் கேட்டறியுங்கள். முறையாக வளர்த்த மரம் சந்தைக்கு வருமாயின், காட்டு மரத்தின்மீது விழும் கோடரிக்கு வேலை குறையும்.