போரில் போன சரக்கும் கடைக் கணக்கும்

கடையில் திருடு போனால் போலீசில் புகார் கொடுக்கிறோம். அந்நிய நாட்டுப் படையே வந்து கடையைச் சூறையாடினால் யாரிடம் போவது?

1990 ஆகஸ்ட் 2-ல் ஈராக் குவைத்தைப் பிடித்தது. போர் முடிந்ததும், 1991-ல், ஐ.நா. பாதுகாப்பு சபை ஜெனீவாவில் ஓர் இழப்பீட்டு ஆணையம் அமைத்தது. ஈராக் விற்ற எண்ணெய்ப் பணத்தில் ஒரு பங்கு இதற்கென்று எடுக்கப்பட்டது. வந்த மனுக்கள் சுமார் 27 லட்சம். கேட்டது 35,250 கோடி டாலர். கொடுத்தது 5,240 கோடி. கடைசித் தொகை 2022-ல்தான் பட்டுவாடா ஆயிற்று.

நாட்டை விட்டு ஓடி வந்தவர்களுக்கு நிர்ணயத் தொகை. எளிய சான்று போதும். நம் இந்தியத் தொழிலாளர்களும் பெற்றார்கள். வியாபாரிகள் கதை வேறு. "கடை நிறையச் சரக்கு இருந்தது" என்ற வாய்ச்சொல் அங்கே செல்லவில்லை. தணிக்கை செய்த கணக்கு, கொள்முதல் பில் கேட்டார்கள். ஆரம்ப இருப்போடு கொள்முதலைக் கூட்டி, விற்ற சரக்கின் அடக்க விலையைக் கழித்து, படை வந்த அன்று என்ன இருந்திருக்கும் என்று பார்த்தார்கள். விலை போகாத பழஞ்சரக்குக்குக் கழிவு வைத்தார்கள். சான்று குறைந்த இடத்தில் தொகையையும் குறைத்தார்கள்.

நாம் செய்வது என்ன? வருடக் கடைசியில் இருப்பு எடுக்கிறோம். பட்டியலைக் கடையிலேயே பூட்டி வைக்கிறோம். கடை எரிந்தால் கணக்கும் சேர்ந்து எரியும். போர் வேண்டாம், வெள்ளமும் தீயும் போதும். இருப்புப் பட்டியல், கொள்முதல் பில் இவற்றின் நகல் ஒன்று இன்றே வீட்டுக்குப் போகட்டும்.