கிணற்று நீரும் கைக்குழந்தையும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடிப்பாறை சுண்ணாம்புக்கல்லாகும். வெங்காயம், மிளகாய்த் தோட்டங்களில் பயிரின் தேவைக்கு மேலாக இடப்படும் யூரியாவும் எருவும் மண்ணில் நைத்திரேற்று என்னும் உப்பாக மாறி, பாறை வெடிப்புகளின் வழியே கிணற்றை அடைகின்றன. அவ்வுப்புக் கலந்த நீர் நிறத்தாலோ மணத்தாலோ வேறுபட்டுத் தோன்றாது.

ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு அந்நீரிற் பால்மா கரைத்து ஊட்டினால், குருதி ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் வலுவை இழக்கின்றது. உதடும் நகமும் நீலநிறமடையும், உயிராபத்தும் நேரலாம். கிணற்று நீரால் விளையும் இந்நோய் 1945 இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் முதன்முதலாக எடுத்துரைக்கப்பட்டது.

கொதிக்கவைத்தல் இதற்குப் பரிகாரமன்று. நீர் ஆவியாகக் குறையும். உப்போ எஞ்சிநின்று செறிவு கூடும்.

கமக்காரர் கைக்கொள்ள வேண்டியவை:

1. ஆறு மாதம் வரை குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும் ஊட்டுதல்.
2. கிணற்று நீரைப் பரிசோதிப்பித்தல். ஒரு லீற்றரில் நைத்திரேற்று 50 மில்லிகிராமுக்கு மேற்படின், அந்நீரைக் குழந்தைக்குக் கொடாதிருத்தல்.
3. யூரியாவை விதந்துரைக்கப்பட்ட அளவில், பகுதி பகுதியாக இடுதல். இட்டபின் மிகையாக நீர் பாய்ச்சாதிருத்தல்.
4. எருக்குவியலையும் மலக்குழியையும் கிணற்றுக்குத் தொலைவில் அமைத்தல்.

குழந்தையின் உதடு நீலமாகத் தோன்றின், தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க.