நோயாளியுடன் புறப்படுமுன்: காரின் எச்சரிக்கை விளக்குகளை அறிவோம்

அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் ஒருவருக்குக் காரின் ஒவ்வொரு குலுக்கலும் வலியாகவே வந்து சேரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மயிலாப்பூர் மாடவீதிகளிலோ, பனகல் பூங்காவைச் சுற்றியோ, அடையாறு திரு.வி.க. பாலத்திலோ கார் வழுக்கினால், தையல் போட்ட இடம் அந்த அதிர்வைத் தாங்க வேண்டியிருக்கும். அத்தகைய வழுக்கலைக் குறைக்கும் அமைப்புகள் இன்றைய கார்கள் பலவற்றில் உள்ளன. அவை வேலை செய்கின்றனவா என்பதை டேஷ்போர்டு விளக்குகள் தெரிவிக்கின்றன.

மூன்று காவல்கள்

பிரேக்கை அழுத்தி மிதிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் காப்பது ஏ.பி.எஸ். இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் புதிய கார்களுக்கு இது கட்டாயம். ஈரத்தில் வேகம் கூட்டும்போது சக்கரம் பிடிப்பின்றி வீணே சுழல்வதைத் தடுப்பது டிராக்‌ஷன் கன்ட்ரோல். ஓட்டுநர் திருப்பிய திசையை விட்டுக் கார் விலகினால், தேவையான சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுத்து நேர்ப்படுத்துவது நிலைத்தன்மைக் கட்டுப்பாடு. இதனை இ.எஸ்.சி. அல்லது இ.எஸ்.பி. என்பர்.

விளக்கு சொல்வது என்ன?

கார் உருவமும் அதன் கீழ் இரு வளைந்த கோடுகளும் கொண்ட மஞ்சள் விளக்கு, ஓடும்போது விட்டுவிட்டு மின்னினால் அஞ்ச வேண்டாம். சாலை வழுக்குகிறது, அமைப்பு காக்கிறது என்பதே அதன் பொருள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்லத் தளர்த்துங்கள். அதே விளக்கு அணையாமல் எரிந்தால் அந்தக் காவல் இப்போது இல்லை. ‘ஆஃப்’ என்ற எழுத்தும் சேர்ந்து எரிந்தால், யாரேனும் பொத்தானை அழுத்தி நிறுத்தியிருக்கலாம். மீண்டும் அழுத்திப் பாருங்கள்.

ஏ.பி.எஸ். விளக்கு மட்டும் எரிந்தால் வழக்கமான பிரேக் பிடிக்கும். மெதுவாகச் சென்று விரைவில் மெக்கானிக்கிடம் காட்டலாம். கைபிரேக்கை விடுவித்த பின்னும் சிவப்புப் பிரேக் விளக்கு எரிந்தாலும், எண்ணெய்க் கிண்ண விளக்கோ வெப்பமானி விளக்கோ சிவப்பாக எரிந்தாலும், பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி நிறுத்துங்கள். அந்த வண்டியில் நோயாளியை ஏற்ற வேண்டாம்.

புறப்படுமுன்

சாவியைத் திருப்பியதும் விளக்குகள் ஒருமுறை எரிந்து, சில விநாடிகளில் அணைய வேண்டும். தொடக்கத்தில் எரியாத விளக்கையும் ஐயத்துடன் பார்க்கவேண்டும், அதுவே பழுதாகியிருக்கலாம். டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் எந்த அமைப்பும் ஈரச் சாலையில் பெரிதாக உதவாது. துரைசாமி சுரங்கப்பாதை போன்ற தாழ்விடங்களில் நீர் தேங்கியிருந்தால் வேறு வழியே நல்லது.

மயக்க மருந்து பெற்றவர் 24 மணி நேரமாவது கார் ஓட்டலாகாது. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கை கால் திடீரெனச் செயலிழத்தல் ஆகியவை தோன்றினால் சொந்தக் காரைத் தேடாமல் 108-ஐ அழையுங்கள். மற்றப் பயணங்களுக்கு, நோயாளியின் மருந்துப் பையைச் சரிபார்க்கும் அதே கவனத்துடன் டேஷ்போர்டையும் ஒரு நிமிடம் பாருங்கள்.