குறைந்த விலையில் எச்.டி. பெட்டி: ஏமாறாமல் வாங்குவது எப்படி?

(இரண்டாம் ஆண்டு மாணவன், மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை)

முன்னுரை

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டதும் என் வகுப்பு நண்பர்கள் ரோபோ, செயற்கை நுண்ணறிவு, விண்வெளி என்று பெரிய பெரிய தலைப்புகளை எடுத்துக்கொண்டார்கள். எனக்குக் கிடைத்தது எங்கள் வீட்டு டி.வி.க்குப் பக்கத்தில் இருக்கும் செட் டாப் பாக்ஸ்தான். அது சின்னப் பொருள். ஆனால் அதை வாங்கப் போய் நான் ஏமாந்த கதை சின்னதல்ல. அந்த அனுபவத்தையும், அதற்குப் பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் என் சிற்றறிவுக்கு எட்டிய வரையில் இங்கே எழுதுகிறேன்.

நான் ஏமாந்த கதை

பள்ளியில் நான் தமிழ் வழியில் படித்தவன். பாலிடெக்னிக்கில் எல்லாம் ஆங்கிலம். முதல் ஆண்டிலேயே மின்னணுவியல் பாடத்தில் ஓர் அரியர் விழுந்தது. அப்போது ஆசிரியர் ஒருவர், "ஸ்வயம் பிரபா சேனல்ல பாடம் போடுறாங்க, பாரு" என்றார். மத்திய அரசு 2017 ஜூலையில் 32 சேனல்களுடன் தொடங்கிய கல்வி ஒளிபரப்பு அது. ஒரு நாளைக்குக் குறைந்தது 4 மணி நேரம் புதிய பாடம். அதையே மேலும் 5 முறை திருப்பிப் போடுவார்கள் என்பது ஏற்பாடு.

இரண்டு நாள் பார்த்தேன். பேராசிரியர் ஆங்கிலத்தில் வேகமாகப் போகிறார். ஒரு தடவை கேட்டால் புரியவில்லை. நிறுத்தி, எழுதிக்கொண்டு, மறுபடி கேட்கணும். அதோடு, பகலில் கல்லூரி, மாலையில் நான் ஒரு மொபைல் கடையில் வேலை. போனில் பார்க்கலாமே என்பீர்கள். வீட்டில் உருப்படியான போன் ஒன்றுதான். தங்கச்சி பத்தாம் வகுப்பு. அன்றைய டேட்டா அவளுக்கே பத்தாது. ஆகவே, பாடத்தைப் பதிவு செய்து வைக்கும் பெட்டி ஒன்று வேண்டும் என்று முடிவு செய்தேன். பழைய பெட்டியும் படம் சரியாகத் தராமல் இருந்தது.

என் அம்மா பீடி சுற்றுகிறார்கள். குழுவில் சேர்த்து வைத்திருந்த பணத்தில் 1,350 ரூபாய் எடுத்துக் கையில் கொடுத்து, "எய்யா, நீதான் இதைப் பத்தியே படிக்க. பார்த்து நல்லதா வாங்கிட்டு வா" என்றார்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் கடைக்குப் போனேன்.

அட்டைப் பெட்டி மேலே "ஃபுல் எச்.டி. 1080" என்று பெரிதாகப் போட்டிருந்தது. பக்கத்தில் பென் டிரைவ் படம். இரண்டும் இருக்கிறதே என்று மறு கேள்வி கேட்காமல் வாங்கி வந்தேன். வீட்டில் மாட்டினால் சாதாரண சேனல்கள் வந்தன, எச்.டி. சேனல் ஒன்றுகூட வரவில்லை. ரிமோட்டில் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். எதுவும் பதிவாகவில்லை. திருப்பிக் கொண்டுபோனேன். "பெட்டியைப் பிரிச்சாச்சு தம்பி, எடுக்க மாட்டோம்" என்றார் கடைக்காரர். அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. "சரிய்யா, விடு" என்று சொல்லிவிட்டு முறத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்கள். 1,350 ரூபாய் என்பது எத்தனை ஆயிரம் பீடி என்று எனக்குத் தெரியும். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

மறுநாளிலிருந்து நூலகத்திலும் லேபிலும் உட்கார்ந்து, அந்தப் பெட்டிக்குள் என்னதான் நடக்கிறது என்று படிக்க ஆரம்பித்தேன்.

பெட்டிக்குள் நடப்பது என்ன?

நம் ஊர்களில் மாதக் கட்டணம் இல்லாமல் கிடைப்பது பிரசார் பாரதியின் டி.டி. ஃப்ரீ டிஷ். 2004 டிசம்பரில் டி.டி. டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கியது. 2015 நவம்பரில் ஏவப்பட்ட ஜிசாட்-15 செயற்கைக்கோள், கிழக்கு 93.5 பாகையில் நின்று இதை அனுப்புகிறது.

வானிலிருந்து வரும் அலை கே.யூ. பட்டையைச் சேர்ந்தது. உதாரணமாக 11,090 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். அவ்வளவு உயர்ந்த அதிர்வெண் சாதாரணக் கேபிள் வழியே வந்தால் பாதி வழியிலேயே தேய்ந்துவிடும். அதனால் டிஷ்ஷின் முன்னால் இருக்கும் எல்.என்.பி. அதில் 9,750-ஐக் கழித்து 1,340 மெகாஹெர்ட்ஸாகக் குறைத்து அனுப்புகிறது. வகுப்பில் படித்த சூப்பர் ஹெட்டிரோடைன் தத்துவம்தான் இது!

பெட்டிக்குள் நான்கு வேலைகள் நடக்கின்றன. முதலில் டியூனர் நமக்கு வேண்டிய அதிர்வெண்ணைப் பிடிக்கிறது. இரண்டாவது, டீமாடுலேட்டர் அலையை 0, 1 என்ற எண்களாக்குகிறது. மூன்றாவது, 188 பைட் கொண்ட சிறு சிறு பொட்டலங்களாக வரும் அந்த எண்களிலிருந்து நம் சேனலுக்கு உரியதை மட்டும் பிரித்தெடுப்பது. நான்காவது, டீகோடர் அவற்றை விரித்துப் படமாக்கி டி.வி.க்கு அனுப்புகிறது.

நான் ஏமாந்தது இரண்டாவது, நான்காவது இடங்களில். பழைய முறை டி.வி.பி.-எஸ், எம்பெக்-2. புதிய முறை டி.வி.பி.-எஸ்2, எம்பெக்-4. பழைய முறைப் பெட்டிக்குப் புதிய முறையில் வருவது புரியாது. தமிழ் மட்டும் தெரிந்தவனிடம் தெலுங்கில் பேசுவது போல. ஃப்ரீ டிஷ்ஷில் இரண்டு முறையிலும் சேனல்கள் வருகின்றன. எச்.டி. வருவது புதிய முறையில்.

அப்படியானால் அட்டையில் "1080" என்று போட்டது பொய்யா? முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. சாதாரணப் படத்தை இழுத்துப் பெரிதாக்கி, 1080 கோடுகளாக டி.வி.க்கு அனுப்பும். வெளியே அனுப்புவது எச்.டி.; உள்ளே வாங்குவது எச்.டி. இல்லை. கால் லிட்டர் பாலில் தண்ணீர் ஊற்றி ஒரு லிட்டர் ஆக்குவது மாதிரி. அளவு கூடும், பால் கூடாது.

எச்.டி. எல்லோருக்கும் தேவையா?

சாதாரணப் படத்தில் 720 x 576, அதாவது 4,14,720 புள்ளிகள். முழு எச்.டி.யில் 1920 x 1080, அதாவது 20,73,600 புள்ளிகள். சரியாக ஐந்து மடங்கு. ஆனால் அந்த ஐந்து மடங்கும் நம் கண்ணுக்குத் தெரிகிறதா என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

நல்ல கண்ணால் பிரித்தறிய முடிந்த மிகச் சிறிய கோணம் ஒரு பாகையில் 60-இல் ஒரு பங்கு. எங்கள் வீட்டு டி.வி. பழைய விலைக்கு வாங்கிய 24 அங்குலம். திரை உயரம் சுமார் 300 மில்லிமீட்டர். 576 கோடுகள் என்றால் ஒரு கோடு 0.52 மில்லிமீட்டர். ஏறக்குறைய 1.8 மீட்டருக்கு அப்பால் உட்கார்ந்தால் அந்தக் கோடுகளே தனித்தனியாகத் தெரியாது. சின்ன டி.வி.யைத் தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு எச்.டி.யால் பெரிய லாபம் இல்லை என்று இதிலிருந்து தெரிகிறது. பெரிய திரை என்றாலோ, என்னைப் போல் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிறவர் என்றாலோ வித்தியாசம் தெரியும்.

இன்னொன்று: மஞ்சள், வெள்ளை, சிவப்பு பின் வழியாக எச்.டி. வராது. டி.வி.யில் எச்.டி.எம்.ஐ. துளை இருக்க வேண்டும். டியூப் டி.வி. வைத்திருப்பவர்கள் எச்.டி.க்கு என்று காசு கொடுப்பது வீண்.

பதிவு செய்வது எப்படி நடக்கிறது?

இதைப் படித்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். பதிவு என்றாலே விலை உயர்ந்த பெட்டி வேண்டும் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. மேலே சொன்ன மூன்றாவது இடத்தில், பொட்டலங்கள் பிரிந்து வந்ததுமே அவற்றை அப்படியே பென் டிரைவில் எழுதிவிட்டால் போதும். பெட்டி புதிதாக எதையும் சுருக்க வேண்டியதில்லை. அதனால் குறைந்த விலைப் பெட்டியாலும் இது முடியும். பதிவில் படத்தின் தரமும் குறையாது.

எவ்வளவு இடம் பிடிக்கும்? நொடிக்கு 2 மெகாபிட் வரும் சாதாரண சேனல் மணிக்கு 0.9 கிகாபைட். நொடிக்கு 8 மெகாபிட் வரும் எச்.டி. சேனல் மணிக்கு 3.6 கிகாபைட். ஆக, 32 கிகாபைட் பென் டிரைவில் முதல் வகை சுமார் 35 மணி நேரம். இரண்டாம் வகை 9 மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு.

இதில் நான் கற்றுக்கொண்ட சில நுணுக்கங்கள்:

ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த பென் டிரைவில் ஒரு கோப்பு 4 கிகாபைட்டைத் தாண்டாது. மேலே சொன்ன எச்.டி. கணக்கில் 71 நிமிடத்தில் நிரம்பிவிடும். பெட்டி தானாகவே அடுத்த கோப்பைத் தொடங்குகிறதா, அல்லது என்.டி.எஃப்.எஸ். முறையை ஏற்கிறதா என்று பார்க்கணும்.

யு.எஸ்.பி. 2.0 துளை தருவது 500 மில்லி ஆம்பியர்தான். சில ஹார்டு டிஸ்க்குகள் அதில் ஓடாமல் டிக் டிக் என்று சத்தம் போடும். பென் டிரைவ் போதும்.

ஒரே டியூனர் உள்ள பெட்டியில் ஒன்றைப் பதிவு செய்யும்போது, அதே டிரான்ஸ்பாண்டரில் வரும் சேனலைத்தான் மாற்றிப் பார்க்க முடியும். இது தெரியாததால் எங்கள் வீட்டில் ஒரு சீரியல் நேரத்தில் சண்டையே வந்தது.

பெட்டியின் கடிகாரம் செயற்கைக்கோள் வழியே உலகப் பொது நேரத்தை வாங்குகிறது. அமைப்பில் +5:30 என்று போடாவிட்டால், காலை 10 மணிக்கு என்று வைத்த பதிவு மாலை 3.30-க்குத்தான் தொடங்கும்.

பதிவு செய்வது குற்றமா என்று பயப்பட வேண்டாம். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 39, சொந்த உபயோகத்துக்கும் உண்மையான கற்பித்தல், ஆராய்ச்சிக்கும் பதிவு செய்ய இடம் தருகிறது. விற்பது வேறு விஷயம்.

கட்டண டி.டி.எச். நிறுவனங்களும் பதிவுப் பெட்டி தந்திருக்கின்றன. டாடா ஸ்கை பிளஸ் 2008-இலேயே வந்தது. ஆனால் அவற்றுக்கு மாதக் கட்டணம் உண்டு. பூட்டிய சேனலின் பதிவு பெரும்பாலும் அந்தப் பெட்டியில் மட்டுமே ஓடும். இலவச சேனலின் பதிவைக் கம்ப்யூட்டரில் போட்டும் படிக்கலாம்.

கடையில் கேட்க வேண்டியவை

1. "டி.வி.பி.-எஸ்2, எம்பெக்-4 இரண்டும் உண்டா?" அட்டையில் "எச்.டி." என்ற எழுத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

2. கடை டிஷ்ஷில் மாட்டி ஓர் எச்.டி. சேனலைக் காட்டச் சொல்லுங்கள். தகவல் பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

3. சொந்த பென் டிரைவை எடுத்துப் போங்கள். ஐந்து நிமிடம் பதிவு செய்து, போட்டுப் பாருங்கள். யு.எஸ்.பி. துளை இருப்பதாலேயே பதிவு உண்டு என்று ஆகாது. சில பெட்டிகளில் அது பாட்டுப் போடவும் மென்பொருள் ஏற்றவும் மட்டும்தான்.

4. நேரம் குறித்துப் பதிவு செய்யும் வசதி, அணைத்து வைத்த நிலையிலும் வேலை செய்கிறதா?

5. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவுக் குறியும் எண்ணும் பெட்டியில் உள்ளதா? 2012 ஆணையில் செட் டாப் பாக்ஸுக்கு அது கட்டாயமாக்கப்பட்டது.

6. பில் வாங்குங்கள். "பிடிக்காவிட்டால் மாற்றித் தருவீர்களா?" என்பதைப் பணம் கொடுக்கும் முன் கேளுங்கள்.

முடிவுரை

இரண்டு மாதம் கழித்து, என் மாலை வேலைச் சம்பளத்தில் வேறொரு கடையில் இந்த ஆறு கேள்விகளையும் கேட்டு ஒரு பெட்டி வாங்கினேன். கடைக்காரர் அலுத்துக்கொண்டார். நான் விடவில்லை. அரை மணி நேரம் நின்று பதிவு செய்து பார்த்த பிறகுதான் பணம் எடுத்தேன். விலை முதல் பெட்டியைவிட 250 ரூபாய்தான் அதிகம்!

பழைய பெட்டியை, டியூப் டி.வி. வைத்திருக்கும் பக்கத்து வீட்டு அத்தைக்கு, என்ன வரும் என்ன வராது என்று சொல்லியே 600 ரூபாய்க்குக் கொடுத்தேன். அங்கே அது நன்றாக வேலை செய்கிறது. பெட்டி மோசமானது அல்ல. எனக்குப் பொருந்தாத பெட்டியைக் கேள்வி கேட்காமல் வாங்கியதுதான் தவறு. "படிக்கிற பிள்ளை" என்று பெயர் எடுத்த நமக்குக் கடையில் கேள்வி கேட்கக் கூச்சம் வருகிறது. தெரியாதவன் என்று நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம். எனக்கு அந்தக் கூச்சத்தின் விலை 750 ரூபாய்.

இப்போது இரவு பத்து மணிக்கு மேல் பாடத்தைப் போட்டு, நிறுத்தி நிறுத்தி எழுதிக்கொள்கிறேன். டிரான்சிஸ்டர் பயாசிங் பாடத்தை மட்டும் ஏழு தடவை ஓட்டியிருக்கிறேன். அரியர் பரீட்சை எழுதிவிட்டேன். மலர் அச்சுக்குப் போகும் இந்த நேரம் வரை முடிவு வரவில்லை. ஆனால் அம்மா அன்றைக்கு பீடி சுற்றிக்கொண்டே சொன்னார்கள்: "எய்யா, அந்த சார் திரும்பத் திரும்ப அதே படத்தைப் போடுதாரு, எனக்கே மனப்பாடம் ஆயிட்டு. உனக்கு வராமலா போகும்?"

கேட்போம், சோதிப்போம், பிறகு வாங்குவோம்!