உரிய காலத்தில் விடுவித்தல்

திசைகளை வணங்கி நின்ற சிகாலன் என்னும் இளைஞனுக்குப் பகவான் புத்தர் அருளிய இல்லறப் பாடம் தீக நிகாயத்தின் 31ஆம் சூத்திரமாக அமைந்துள்ளது. அதில் நிலத்தை நோக்கிய திசை பணியாளரைக் குறிக்கும். பணி கொள்வோன் அவர்பால் ஆற்ற வேண்டிய கடமைகள் ஐந்து: வலிமைக்கேற்ப வேலை பகுத்தல், உணவும் ஊதியமும் அளித்தல், நோயுற்றபோது பேணுதல், சுவையான பண்டங்களைப் பகிர்ந்துண்ணல், உரிய காலத்தில் விடுவித்தல். முதல் நான்கும் எளிதில் விளங்குவன. ஐந்தாவதே இன்று நாம் ஆராயற்பாலது.

முன்னாளில் விடுவித்தல் என்பது செவிக்குப் புலனாயிற்று. கோலார் தங்கவயலில் சங்கு ஊதினால் ஒரு முறை முடிந்து மறுமுறை தொடங்கும். மேலே வந்த தொழிலாளியைச் சுரங்கம் வீடுவரை பின்தொடர்ந்ததில்லை. (அவர்தம் நுரையீரலில் படிந்த தூசி பின்தொடர்ந்தது, அது வேறு வரலாறு.) அச்சுரங்கம் 2001 பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டது. அத்தொழிலாளரின் மக்கள் பலர் இன்று மாரிகுப்பத்தில் விடியற்காலையில் ரயிலேறிப் பெங்களூருக்குப் பணிக்குச் செல்கின்றனர். அவர்களுக்குச் சங்கு ஊதுவாரில்லை.

டாக்டர் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழில்துறை உறுப்பினராக வீற்றிருந்தார். 1946ஆம் ஆண்டுத் தொழிற்சாலைத் திருத்தச் சட்டம் வார வேலையை 54 மணியினின்று 48 மணியாகக் குறைத்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் மிகைநேர வேலைக்கு இருமடங்கு ஊதியம் விதித்தது. இவை யாவும் தொழிலாளியின் உடல் ஆலைக்குள் இருந்த நேரத்தை எண்ணியவை. இரவு ஒன்பதரை மணிக்கு அடுக்களைக்குள் வந்து சேரும் மின்னஞ்சலை எவர் எண்ணுவார்?

பெங்களூரின் நிலை இதில் தனித்தன்மையது. நியூயார்க்கில் காலை பத்து மணி என்பது அங்குக் கோடையாயின் நமக்கு இரவு ஏழரை, குளிர்காலமாயின் எட்டரை. அவர்தம் பணி தொடங்கும் வேளையும் நம் குழந்தைகள் உணவருந்தும் வேளையும் ஒன்றாகின்றன. பகல் முழுதும் உழைத்தவர் இரவிலும் காதில் ஒலிவாங்கியை மாட்டிக்கொண்டு அமர்கிறார். அது மிகைநேரமென எந்த ஏட்டிலும் ஏறுவது அரிது.

இதனால் விளையும் தீங்கு யாது? உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட ஆய்வின்படி, வாரம் 35 முதல் 40 மணி நேரம் உழைப்போரைவிட 55 மணியோ அதற்கு மேலோ உழைப்போருக்குப் பக்கவாத அபாயம் 35 விழுக்காடு மிகுதி. இதய நோயால் இறக்கும் அபாயம் 17 விழுக்காடு மிகுதி. மணிக்கணக்கில் அடங்காத தீங்கும் உண்டு. முடியாத ஒரு வேலையை விட்டு மற்றொன்றுக்குத் தாவும்போது மனத்தின் ஒரு பகுதி முன்னதிலேயே தங்கிவிடுகிறது என்று சோஃபி லெராய் என்னும் ஆய்வாளர் 2009இல் எழுதினார். வில்லியம் பெக்கர் முதலியோர் 2018இல் கண்டது இன்னும் நுட்பமானது. அழைப்பு வரவேண்டுமென்பதில்லை, வரக்கூடும் என்னும் எதிர்பார்ப்பே பணியாளரையும் அவர்தம் வாழ்க்கைத் துணையையும் அமைதியிழக்கச் செய்கிறது. நற்கடைப்பிடி பயில்வோர்க்கு இது புதிதன்று. உடல் பாயில் அமர்ந்திருக்க, செவி மேசைமீதுள்ள கைப்பேசியில் இருக்குமாயின், அங்கே எதைப் பயில்வது?

இதனை மனவுறுதியால் மட்டும் தீர்த்துக்கொள்க என்று ஊழியருக்கு உபதேசிப்பது முறையாகாது. சூத்திரம் விடுவிக்கும் கடமையைப் பணி கொள்வோன்மீதே வைத்தது. பிரான்சு நாட்டில் 2017 ஜனவரி முதல், 50 பேருக்குக் குறையாத நிறுவனங்கள் தொடர்பறுக்கும் உரிமை குறித்துத் தொழிலாளரோடு பேச வேண்டுமெனச் சட்டம் உள்ளது. ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டு 26 முதல், பணி நேரத்திற்குப் பின் வரும் அழைப்பை ஏற்க மறுக்கலாம். மறுப்பு நியாயமற்றதாக இருத்தல் மட்டும் கூடாது. போர்ச்சுகல் 2021இல் ஒருபடி மேற்சென்று, அழையாதிருப்பதை முதலாளியின் கடமையாக்கியது. நம் மக்களவையில் சுப்ரியா சுலே 2018இல் இத்தகைய தனிநபர் மசோதா ஒன்றைக் கொணர்ந்தார், அது சட்டமாகவில்லை.

இவ்வுரிமை எட்டாத ஒரு கூட்டத்தாரும் நம்மிடையே உளர். உணவுப் பொட்டலம் சுமந்து இருசக்கர வண்டியில் திரியும் இளைஞருக்குக் கைப்பேசியே வேலைக்களம். அதை அணைத்தால் ஓய்வன்று, கூலியிழப்பு. அவருக்கு முதலாளி இன்னாரென்று சுட்டிக் காட்டவும் இயலாது. வேலை பகுப்பது ஒரு கணினிச் செயலி. ‘வலிமைக்கேற்ப’ என்னும் முதற்கடமையையும் ‘உரிய காலத்தில்’ என்னும் ஐந்தாம் கடமையையும் அச்செயலியை இயக்குவோர்மீது எவ்வாறு பொருத்துவது என்பதை அன்பர்கள் அடுத்த வகுப்பிற்குள் எண்ணி வருக. அவ்வேலை செய்வோர் நம் குடும்பங்களிலேயே இருப்பின், அவர்களையும் உடன் அழைத்து வருதல் நலம். ஞாயிறு மாலையில் அவர்களுக்கு வேலை மிகுதியாதலால், வகுப்பைக் காலையில் வைத்துக்கொள்ளலாம்.